பரிசுப் புள்ளி தரும் கிரெடிட் கார்டு: மளிகை வியாபாரிக்கு லாபமா, நஷ்டமா?

சமீப காலமாகக் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பகுதிகளில் கடைக்குக் கடை வங்கிப் பிரதிநிதிகள் வந்து செல்கிறார்கள். "அண்ணாச்சி, இந்தக் கார்டு வாங்குங்கள். நீங்கள் எப்படியும் வாங்கப் போகிற சரக்குதான். அதற்குப் புள்ளி கிடைக்கும், புள்ளிக்குப் பரிசு கிடைக்கும், ஐம்பது நாள் வட்டியில்லாக் கடனும் கிடைக்கும்" என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று நம்மிடம் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். ஒருவருக்குச் சொல்வதை எல்லோருக்குமாகச் சொல்லிவிடலாம் என்றே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

கார்டு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. தராசின் இரு தட்டிலும் படிக்கல்லை வைத்துத்தான் நிறுக்க வேண்டும். நிறுப்பது நமக்குத் தெரிந்த தொழில்தானே!

கடன் நமக்குப் புதிதல்ல

செட்டிநாட்டுக்காரருக்குக் கடன், வட்டி, தவணை ஆகியவற்றைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிட்டங்கி வைத்து, உண்டியல் எழுதி, பேரேடு பராமரித்துத் தொழில் செய்த ஊர்கள் இவை. நடப்பு வட்டி இன்ன விகிதம் என்று ரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி முடிவு செய்தார்கள். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களோடு ஒரே நாளில் நம் காரைக்குடியிலும் கிளை திறந்தது.

அதே வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு. 1930இல் நெல் விலை சரிந்தபோது கீழ் பர்மாவில் கடன் வாங்கிய விவசாயிகளால் பணத்தைத் திருப்ப முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் ஏறக்குறைய 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம் ஆயிற்று. பணமாக இருக்க வேண்டியது மண்ணாக முடங்கிப்போனது. தவணை தேதி வரும்போது கையில் ரொக்கம் இருக்க வேண்டும், சொத்தோ சரக்கோ இருந்தால் போதாது என்பதுதான் அதன் பாடம். இந்தப் பாடம் கிரெடிட் கார்டுக்கு அப்படியே பொருந்தும்.

கார்டு வந்த வழி

1950இல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் கார்டு தொடங்கியது. உணவு விடுதியில் சாப்பிட்டுவிட்டு மாதக் கடைசியில் மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பதற்கான ஏற்பாடு அது. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா தன் கார்டைக் கொண்டு வந்தது. அதுவே 1976இல் விசா என்று பெயர் மாறியது. இந்தியாவுக்கு டைனர்ஸ் கிளப் 1961இல் வந்தது. நம் நாட்டு வங்கிகளில் சென்ட்ரல் வங்கி 1980இல் கார்டு வழங்கியது.

பரிசு கொடுக்கும் பழக்கம் கார்டுக்கும் முந்தியது. அமெரிக்காவில் 1896இல் தொடங்கிய ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்ற நிறுவனம் பச்சை நிற வில்லைகளை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கு விற்றது. கடைக்காரர் அவற்றைக் காசு கொடுத்து வாங்கி, சாமான் வாங்கும் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்தார். வாடிக்கையாளர் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, நிரம்பியதும் அந்த நிறுவனத்திடம் பாத்திரம், விளக்கு என்று வாங்கிக்கொண்டார். பரிசு பெற்றவர் வாடிக்கையாளர். பெயர் பெற்றது வில்லை நிறுவனம். செலவைச் சுமந்தவர் கடைக்காரர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வங்கி தன் பையிலிருந்து யாருக்கும் பரிசு தருவதில்லை. அதற்கு மூன்று வரவுகள் உண்டு.

ஒன்று, கார்டு தேய்க்கும் கடைக்காரர் கொடுக்கும் கட்டணம். நூறு ரூபாய்க்கு விற்றால் ஏறக்குறைய இரண்டு ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் நம் கணக்கில் வரவு வைக்கிறார்கள். விகிதம் வங்கிக்கு வங்கி, கார்டுக்குக் கார்டு மாறும். டெபிட் கார்டுக்கு 2018 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள சிறு வணிகருக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை.

இரண்டு, கார்டு வைத்திருப்பவர் கட்டும் ஆண்டுக் கட்டணம்.

மூன்று, தவணை தவறியவர்கள் கட்டும் வட்டியும் தாமதக் கட்டணமும்.

இது வெறும் ஊகம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2003இல் அந்நாட்டு ரிசர்வ் வங்கி, கடைக்காரரின் வங்கி கார்டு கொடுத்த வங்கிக்குச் செலுத்தும் கட்டணத்தை 0.95 சதவீதத்தை ஒட்டியிருந்ததிலிருந்து 0.55 சதவீதத்தை ஒட்டிக் குறைத்தது. அதைத் தொடர்ந்து அங்கே வங்கிகள் புள்ளிகளின் மதிப்பைக் குறைத்தன. கடைக்காரரிடம் வாங்குவது குறைந்தவுடன் பரிசும் குறைந்தது என்றால், பரிசு யார் பணம் என்று சொல்லவும் வேண்டுமோ? ஐரோப்பிய ஒன்றியமும் 2015இல் கிரெடிட் கார்டுக்கான இந்தக் கட்டணத்துக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது.

ஆகவே வியாபாரிக்கு இந்த விஷயத்தில் இரண்டு முகங்கள் உண்டு. சரக்கு வாங்கும்போது நாம் புள்ளி பெறுகிறவர். சரக்கு விற்கும்போது அடுத்தவர் புள்ளிக்குச் செலவு கொடுக்கிறவர். இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

முதல் கணக்கு: நாம் வாங்கும்போது

ஒரு மளிகைக் கடைக்காரர் மாதம் ரூ. 60,000க்குக் கார்டில் கொள்முதல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளியின் மதிப்பு 25 பைசா. ஆண்டுக் கட்டணம் ரூ. 500.

மாதப் புள்ளி 600. மதிப்பு ரூ. 150.
ஆண்டுக்கு ரூ. 1,800.
ஆண்டுக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் ரூ. 590.
நிகர லாபம் ரூ. 1,210.

ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல், பாக்கி முழுவதையும் கட்டியவருக்குக் கிடைப்பது இது. மாதத்துக்கு நூறு ரூபாய்தான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரிய பணம் என்று நினைக்கவும் வேண்டாம்.

இப்போது ஒரே ஒரு மாதம் தவறுகிறது. தீபாவளிச் சரக்கு எடுத்த மாதம். கடனுக்குக் கொடுத்த பாக்கி வரவில்லை. 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருக்கும் ரூ. 3,000ஐ மட்டும் கட்டிவிட்டு ரூ. 57,000ஐ அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறார். வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்றால்,

வட்டி ரூ. 1,995.
வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 359.
மொத்தம் ரூ. 2,354.

ஓராண்டு முழுவதும் சேர்த்த புள்ளி ரூ. 1,210. ஒரு மாதத் தவறுதலின் விலை ரூ. 2,354. அடுத்த மாதமும் ரூ. 3,000 கட்டினால், அதில் 2,354 வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் கழிவது ரூ. 646தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் சரக்குக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே மேலே சொன்ன கணக்கு குறைந்தபட்சக் கணக்குதான்.

மூன்றரை சதவீதம் என்பதை நம் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம், ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் ஏறக்குறைய 50. கைமாற்றாக யாராவது மூன்றரை வட்டி கேட்டால் நாம் எழுந்து வந்துவிடுவோம். அதையே வழுவழுப்பான தாளில் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. எனவே சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. நம் பேரேடுதான் நம்மைக் காப்பாற்ற வேண்டும்.

வட்டியில்லாத ஐம்பது நாள் யாருக்கு உதவும்?

பில் போடும் தேதிக்கு மறுநாள் வாங்கிய சரக்குக்கு ஐம்பது நாள் கிடைக்கும். பில் போடும் நாளன்று வாங்கியதற்கு இருபது நாள்தான். மாதம் முழுவதும் பரவலாக வாங்குகிறவருக்குச் சராசரி 35 நாள் என்று கொள்ளலாம்.

இந்த 35 நாளின் மதிப்பு என்ன? வங்கியில் ஓ.டி. அல்லது சி.சி. கணக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வைத்திருப்பவருக்கு, ரூ. 50,000 கொள்முதலில் 35 நாள் வட்டி ரூ. 575 மிச்சம். ஆனால் ஓ.டி. இல்லாமல் சொந்தப் பணத்தை நடப்புக் கணக்கில் வைத்திருப்பவருக்கு அந்த மிச்சம் கிடையாது. நடப்புக் கணக்குக்கு வங்கி வட்டி தருவதில்லை. பணம் அங்கே சும்மா கிடப்பதற்கும் கொடுத்துத் தீர்ப்பதற்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே, பக்கத்துக் கடைக்காரருக்கு லாபமாக இருக்கிறது என்பதற்காக நமக்கும் லாபம் என்று எண்ணக் கூடாது. அவருடைய முதல் வேறு, நம்முடைய முதல் வேறு.

ரொக்கக் கழிவையும் பாருங்கள்

மொத்த வியாபாரிகளாகிய நாங்கள் கையில் பணம் கொடுப்பவருக்கோ வங்கி மூலம் உடனே அனுப்புகிறவருக்கோ கழிவு கொடுப்பது வழக்கம். ரூ. 50,000க்கு ஒன்றரை சதவீதம் என்றால் ரூ. 750. அதே சரக்கைக் கார்டில் எடுத்தால் கடைக்காரருக்குக் கிடைக்கும் புள்ளி ரூ. 125, ஓ.டி. வட்டி மிச்சம் ரூ. 575, ஆக ரூ. 700. கழிவைவிட ஐம்பது ரூபாய் குறைவு. ஓ.டி. இல்லாதவருக்கோ 125 ரூபாய் மட்டும்தான்.

கார்டும் தேய்ப்பேன், கழிவும் வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ரூ. 50,000க்குக் கார்டு தேய்த்தால் மொத்த வியாபாரிக்கு ரூ. 1,000 கட்டணமும் ரூ. 180 ஜி.எஸ்.டி.யும் பிடிக்கிறார்கள். ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவில் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் போனது போனதுதான். சீனி, எண்ணெய் போன்ற சரக்கில் மொத்த வியாபாரியின் முழு லாபமே சில சமயம் அவ்வளவு இருக்காது.

ஆகவே முறை இது: கழிவு கிடைக்கும் இடத்தில் கழிவை வாங்குங்கள். கழிவே இல்லாத செலவுகளுக்கு, அதாவது மின்கட்டணம், கடைக்கான சாமான், கம்பெனிகளின் நேரடி ஆர்டர் போன்றவற்றுக்குக் கார்டு பயன்படலாம். அப்போதும் எந்தச் செலவுக்குப் புள்ளி உண்டு, எதற்கு இல்லை என்று விதித்தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல், வாடகை, அரசுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் புள்ளி தராத கார்டுகள் நிறைய உண்டு.

ஒரு நன்மையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ. 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவை வருமான வரிக் கணக்கில் பொதுவாக ஏற்பதில்லை. கார்டில் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. மாதாந்திர பில்லே கணக்குக்குச் சாட்சி. சிட்டை எழுதச் சோம்பல்படும் இளைஞர்களுக்கு இது உதவிதான்.

இரண்டாவது கணக்கு: நாம் விற்கும்போது

ரூ. 1,000க்கு மளிகை விற்கிறோம். வாடிக்கையாளர் கிரெடிட் கார்டு நீட்டுகிறார். கட்டணம் ரூ. 20, ஜி.எஸ்.டி. ரூ. 3.60, ஆக ரூ. 23.60. எட்டு சதவீத லாபம் உள்ள சரக்கில் நம் லாபம் ரூ. 80, அதில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடுகிறது. மூன்று சதவீதமே நிற்கும் சீனியாக இருந்தால் ரூ. 30இல் மிஞ்சுவது ரூ. 6.40. கடை வாடகை, ஆள் சம்பளம், சாக்குச் சேதம் எல்லாம் இந்த ஆறு ரூபாயில்தான் பார்க்க வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிக்கு அந்த 3.60ஐ வரவு எடுக்கவும் வழியில்லை.

அதே வாடிக்கையாளர் தம் வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலமோ ரூபே டெபிட் கார்டு மூலமோ கொடுத்தால் நமக்குக் கட்டணம் கிடையாது என்று 2020 ஜனவரி 1 முதல் ஆயிற்று. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கும் வசதி 2022 செப்டம்பரில் வந்தது. வாடிக்கையாளர் நம் கடையில் ஒட்டியிருக்கும் அதே கியூ.ஆர். அட்டையைத்தான் படம் பிடிப்பார். பணம் அவர் சேமிப்புக் கணக்கிலிருந்து வருகிறதா, கிரெடிட் கார்டிலிருந்து வருகிறதா என்று கல்லாவில் இருப்பவருக்குச் சட்டென்று தெரியாது. சிறு வணிகர் பிரிவில் பதிவானவருக்கு ரூ. 2,000 வரை இதற்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் உண்டு. எனவே நம் கடை எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் ராத்திரி கல்லாக் கணக்கு முடிக்கும்போது, விற்ற தொகையும் வங்கியில் வரவான தொகையும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டணத்தை வாடிக்கையாளரிடம் தனியே கேட்கலாமா? வேண்டாம். கார்டு மிஷின் கொடுக்கும்போது போடுகிற ஒப்பந்தத்தில் பொதுவாக அதற்குத் தடை இருக்கும். புகார் போனால் மிஷினை எடுத்துவிடுவார்கள்.

கடன் நோட்டும் கார்டும்

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் கடையில் கார்டே வாங்கக் கூடாது போலிருக்கிறது" என்று நினைக்கலாம். அவசரப்பட வேண்டாம். தராசின் அடுத்த தட்டையும் பார்ப்போம்.

நம் ஊரில் நிறைய வீடுகளுக்கு மாதக் கணக்கு நோட்டு உண்டு. கல்யாணம், சாந்தி, படைப்பு என்று வந்தால் மொத்தமாகச் சாமான் போகும்; பணம் பிறகு வரும். ரூ. 5,000 பாக்கி அறுபது நாள் கழித்து வருகிறது என்றால், ஒரு வட்டிக் கணக்கில் நமக்கு ஏறக்குறைய ரூ. 100 செலவு. அதே தொகையை அவர் கார்டில் கொடுத்தால் நமக்குச் செலவு ரூ. 118, பணம் பெரும்பாலும் மறு வேலை நாளே வந்துவிடும். வித்தியாசம் பதினெட்டு ரூபாய்தான். கடன் நோட்டில் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வாராக் கடனாகப் போனால்கூட அந்த ஐயாயிரத்தில் ஐம்பது ரூபாய் போய்விடும். கேட்டு நடக்கும் நடையும், கேட்டதால் முறியும் உறவும் தனி.

ஆகவே ரொக்கம் கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர் கார்டு கொடுத்தால் நமக்கு நஷ்டம்; கடன் சொல்லக்கூடிய வாடிக்கையாளர் கார்டு கொடுத்தால் நமக்கு லாபம். கடையில் யாரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். ரொக்க வாடிக்கையாளரிடம் கியூ.ஆர். அட்டையை முன்னே நகர்த்துங்கள். பழைய பாக்கி வைத்திருப்பவர் கார்டு எடுத்தால் புன்சிரிப்போடு மிஷினை நீட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

கார்டைச் சுழற்சி முதலாக நினைக்கக் கூடாது. நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் எடுக்க ஒரு கார்டில் தேய்த்தார். சரக்கு தேங்கியது. அந்தக் கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு, அதற்கு மூன்றாவது என்று போய், ஒன்றரை ஆண்டில் மனைவியின் நகையை விற்றுத்தான் வெளியே வந்தார். அவர் திறமையில் குறைவில்லை; காலையில் ஐந்து மணிக்குக் கடை திறக்கும் உழைப்பாளி. விற்க மூன்று மாதம் ஆகும் சரக்கை ஐம்பது நாள் பணத்தில் வாங்கியதுதான் கோளாறு. பர்மா நெல் சொன்ன அதே பாடம்.

தம் கார்டைத் தம் கடை மிஷினிலேயே தேய்த்து ரொக்கமாக்குவது சிலருக்கு வழக்கமாகியிருக்கிறது. இது ஒப்பந்தத்துக்கு விரோதம். தேய்க்கும்போதே இரண்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். கண்டுபிடித்தால் கார்டும் போகும், மிஷினும் போகும்.

ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது அதைவிட மோசம். எடுத்த நாளிலிருந்து வட்டி. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார்டில் கடைச் சரக்கை மொத்தமாக வாங்கக் கூடாது. வியாபார உபயோகத்தை அனுமதிக்காத கார்டுகள் பல உண்டு. புள்ளியை ரத்து செய்வார்கள், கார்டையும் நிறுத்துவார்கள். தொழிலுக்கென்றே தனிக் கார்டு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

புள்ளிக்காகத் தேவையில்லாத சரக்கு எடுக்கக் கூடாது. நூறு ரூபாய்ச் சரக்கு புழுப்பிடித்தால், அதை ஈடுகட்ட 25 பைசாப் புள்ளி நானூறு வேண்டும். அதாவது நாற்பதாயிரம் ரூபாய்க் கொள்முதல்!

நமக்கு உள்ள பாதுகாப்பு

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று கிரெடிட் கார்டுகளுக்கான விரிவான விதிகளை வெளியிட்டது. அவற்றில் வியாபாரிகள் அறிய வேண்டியவை சில.

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பிக் கட்டணமும் போட்டால், கட்டணத்தைத் திருப்புவதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் தர வேண்டும்.

பாக்கி இல்லாத நிலையில் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும்.

கெடு தேதிக்குப் பின் மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதையும் மீதியுள்ள பாக்கியின் மீதுதான் கணக்கிட வேண்டும்.

பில் போடும் தேதியை ஒரு முறையாவது நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். நம் கடையில் எந்த வாரம் வசூல் நன்றாக வருகிறதோ, அதை ஒட்டிக் கெடு தேதி வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளை முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கார்டில் மோசடி நடந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை நாமே யாரிடமாவது சொல்லிவிட்டால் பொறுப்பு நம் தலையில்தான்.

தவணை தவறினால் அது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் ஏறும். மதிப்பெண் 300 முதல் 900 வரை. அது குறைந்தால் நாளை வங்கியில் சி.சி. வரம்பைக் கூட்டக் கேட்கும்போது மேலாளர் தயங்குவார். ஒரு சில்லறைத் தவணை பெரிய கடனைத் தடுத்துவிடக் கூடும். ஒழுங்காகக் கட்டிவந்தால் அதே பதிவு நமக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகும். இதுவும் கார்டின் ஒரு நன்மைதான்.

முடிவு செய்வதற்கு ஆறு கேள்விகள்

கார்டு வாங்குமுன் ஒரு தாளில் இவற்றுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

1. சென்ற பன்னிரண்டு மாதங்களில், வாங்கிய சரக்குக்கெல்லாம் குறித்த தேதியில் முழுப் பணம் கொடுத்திருக்கிறோமா?
2. நாம் எடுக்கும் சரக்கு சராசரியாக முப்பது நாளில் விற்றுப் பணமாகிறதா?
3. கார்டில் வாங்கப் போகும் செலவில் ரொக்கக் கழிவு இழக்கும் செலவு எவ்வளவு?
4. புள்ளியின் மதிப்பு எத்தனை பைசா? எத்தனை மாதத்தில் காலாவதியாகும்?
5. ஆண்டுக் கட்டணத்தைக் கழித்தபின் கையில் நிற்பது எவ்வளவு?
6. ஒரு மாதம் வசூல் வராமல் போனால், கார்டுப் பாக்கியை முழுதும் அடைக்க வேறு பணம் தயாராக இருக்கிறதா?

முதல், இரண்டாம், ஆறாம் கேள்விகளுக்கு ஆம் என்று எழுத முடிந்தவர்கள் ஒரே ஒரு கார்டு வைத்துக்கொள்ளலாம், புள்ளியையும் அனுபவிக்கலாம். மூன்றில் ஒன்றுக்காவது இல்லை என்று எழுதியவர்கள், பணத் தேவைக்கு வங்கியில் ஓ.டி. அல்லது முத்ரா கடன் கேளுங்கள். ஒரு வட்டியை ஒட்டிக் கிடைக்கும் பணம் இருக்க மூன்றரை வட்டிக்குப் போவானேன்?

கார்டு ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு வேலை செய்ய வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து முழுப் பாக்கியும் கெடு தேதியில் தானாகவே போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். படிவத்தில் 'முழுத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில்தான் குறி போட வேண்டும். நாம் சொன்ன கணக்கு முழுவதும் அந்த ஒரு குறியில் அடங்கியிருக்கிறது.